டக், யூ சக்கர்! (திரைப்படம்)

டக், யூ சக்கர்! (இத்தாலிய மூலப் பெயர்: ஜூ லா தெஸ்தா) 1971 ஆம் ஆண்டில் வெளிவந்த இத்தாலியத் திரைப்படமாகும். செர்ஜியோ லியோனி இயக்கிய இப்படத்தில் ராட் ஸ்டைகர், ஜேம்ஸ் கோபர்ன், ரோமோலோ வல்லி ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்துள்ளனர். இசையமைத்தவர் எனியோ மோரிக்கோனி. 1913 ஆம் ஆண்டின் மெக்சிகோப் புரட்சியைக் களமாகக் கொண்ட இப்படம் 'ஸ்பெகட்டி வெஸ்டர்ன்' எனப்படும் வகையைச் சார்ந்தது. லியோனி தமது பெயரில் இயக்கிய கடைசி வெஸ்டர்ன் திரைப்படமும் இதுவே.

லியோனியின் 'த குட், த பேட் அண்ட் த அக்ளி' (1966), 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் இப்படம் குறைவாகவே அறியப்பட்டுள்ளது. எனினும் குற்றவுணர்வு, துரோகம், கழுவாய் ஆகியவற்றை இவ்வளவு நேரடியாக எடுத்துக்கொண்ட படம் அவருடையவற்றுள் வேறில்லை எனலாம்.

பெயர்கள்

இப்படத்திற்குப் பல பெயர்கள் உண்டு. இத்தாலியப் பெயருக்குத் 'தலையைத் தாழ்த்து' என்பது பொருள். வெடி வைத்தவன் அருகிலிருப்போரை எச்சரிக்கும் சொல்லாகவும், அடக்குமுறைக்கு அஞ்சித் தலை குனிந்து வாழ்வதைக் குறிப்பதாகவும் இதனைக் கொள்ளலாம். ஆங்கிலப் பெயரான 'டக், யூ சக்கர்' அமெரிக்கர்கள் அன்றாடம் பயன்படுத்தும் தொடர் என்று லியோனி உறுதியாக நம்பியதாகக் கூறப்படுகிறது. உண்மையில் அப்படியொரு வழக்கு இல்லை. நகைச்சுவைப் படம் போலத் தோன்றிய இப்பெயர் அமெரிக்காவில் படத்திற்கு உதவவில்லை. பின்னர் லியோனியின் முதல் வெஸ்டர்ன் படமான 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) என்பதை நினைவூட்டும் வகையில் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டைனமைட்' என்று பெயர் மாற்றப்பட்டது. பிரான்சில் 'முன்னொரு காலத்தில் புரட்சி' என்னும் பொருள்படும் பெயரில் வெளியானது. 1968, 1971, 1984 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த லியோனியின் கடைசி மூன்று படங்களும் ஒரு முத்தொகுதியாகக் கருதப்படுவதால், பிரெஞ்சுப் பெயரே படத்திற்கு மிகவும் பொருந்துவதாகப் பலர் கருதுவர்.

வகை

ஸ்பெகட்டி வெஸ்டர்ன் என்பது 1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் இறுதி வரை இத்தாலியத் தயாரிப்பாளர்கள் எடுத்த நூற்றுக்கணக்கான கௌபாய்த் திரைப்படங்களைக் குறிக்கும். இத்தாலிய உணவின் பெயரால் ஏளனமாக இடப்பட்ட இப்பெயர் நாளடைவில் நிலைத்துவிட்டது. இவற்றுள் பல தெற்கு ஸ்பெயினின் அல்மேரியா வறண்ட நிலப்பகுதியில் படமாக்கப்பட்டன. நடிகர்கள் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் பேசி நடிக்க, ஒலி முழுவதும் பின்னர் சேர்க்கப்படும்.

அமெரிக்க வெஸ்டர்ன் படங்களில் கழுவாய் என்பது பழகிய கதை. தீய வழியில் சென்ற துப்பாக்கி வீரன் இறுதியில் ஊரைக் காத்து நற்பெயர் பெறுவான். இத்தாலியப் படங்கள் இதனைப் புறக்கணித்தன. அவற்றின் நாயகர்கள் பணத்திற்காகவும் பழிக்காகவும் சுடுபவர்கள். மெக்சிகோப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்ட ஒரு கிளை வகையும் உண்டு. புரட்சித் தலைவர் எமிலியானோ சப்பாட்டாவின் பெயரால் அது 'சப்பாட்டா வெஸ்டர்ன்' என அழைக்கப்படுகிறது. டமியானோ டமியானி இயக்கிய 'எ புல்லட் ஃபார் த ஜெனரல்' (1966), செர்ஜியோ கோர்புச்சி இயக்கிய 'த மெர்செனரி' (1968) ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். இவற்றில் படிப்பறிவற்ற மெக்சிகோக் கொள்ளையன் ஒருவனும், ஆயுதத் திறமை மிக்க வெளிநாட்டான் ஒருவனும் சேர்வர். வெளிநாட்டான் கூலிக்கு வந்தவன். கொள்ளையன் படிப்படியாகப் புரட்சியாளனாவான்.

லியோனி இந்த அமைப்பை ஏற்றுக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றினார். இங்கே வெளிநாட்டான் கூலிப்படையினன் அல்லன். தன் நாட்டில் புரட்சிக்காகப் போராடி, அதில் நம்பிக்கை இழந்து ஓடிவந்தவன். அவனிடம் இருப்பது திறமை மட்டுமன்று, ஒரு கொலையின் நினைவும் கூட.

கதை

(கீழே கதையின் முடிவு தரப்பட்டுள்ளது.)

1913 பிப்ரவரியில் மெக்சிகோவின் அதிபர் பிரான்சிஸ்கோ மதேரோ கவிழ்க்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தளபதி விக்டோரியானோ உவெர்த்தா ஆட்சியைக் கைப்பற்றினார். படம் இவருடைய ஆட்சிக் காலத்தில் நிகழ்கிறது.

ஹுவான் மிராண்டா (ஸ்டைகர்) தன் தந்தையையும், வெவ்வேறு தாய்மார்க்குப் பிறந்த ஆறு மகன்களையும் கூட்டாளிகளாகக் கொண்ட வழிப்பறிக் கொள்ளையன். ஷான் மல்லோரி (கோபர்ன்) அயர்லாந்தைச் சேர்ந்த வெடிமருந்து வல்லுநன். கோட்டின் உட்புறம் முழுவதும் டைனமைட் குச்சிகளைச் செருகி வைத்து, மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் செல்பவன். அவனது திறமையைக் கண்டதும், மேசா வெர்தே என்னும் நகரிலுள்ள வங்கியைக் கொள்ளையடிக்கும் தன் நெடுநாள் கனவு நிறைவேறிவிடும் என்று ஹுவான் நம்புகிறான்.

மேசா வெர்தேயில் ஷான், மருத்துவர் வில்லேகா (வல்லி) தலைமையிலான தலைமறைவுப் புரட்சியாளர்களுடன் சேர்ந்திருக்கிறான். வங்கியை உடைக்க ஹுவானுக்கு உதவுகிறான். ஆனால் உள்ளே பணம் இல்லை. வங்கி அதற்குள் சிறையாக மாற்றப்பட்டிருந்தது. கதவுகளைத் தகர்த்துக்கொண்டே செல்லும் ஹுவான், தான் அறியாமலேயே சுமார் 150 அரசியல் கைதிகளை விடுவித்துப் புரட்சியின் வீரனாகிவிடுகிறான். படத்தின் சிறந்த நகைச்சுவைக் காட்சி இது. படத்தில் நகைச்சுவைக்குப் பெரும்பாலும் இதுவே எல்லை.

கர்னல் குந்தர் ரேசாவின் படை துரத்துகிறது. ஹுவானும் ஷானும் இயந்திரத் துப்பாக்கிகளுடன் தனித்து நின்று, பாலம் ஒன்றைத் தகர்த்து அப்படைப்பிரிவை அழிக்கின்றனர். குகைக்குத் திரும்பும்போது அங்கிருந்த தோழர்களும், ஹுவானின் தந்தையும் மகன்களும் கொல்லப்பட்டுக் கிடக்கின்றனர். மொத்தம் ஆறு பேர், இதற்கு முன் தான் எண்ணிப் பார்த்ததே இல்லை என்று ஹுவான் மெல்லச் சொல்கிறான். படம் முழுவதும் உரக்கப் பேசி நடிக்கும் ஸ்டைகர் இவ்விடத்தில் குரலைத் தாழ்த்துவது குறிப்பிடத்தக்கது.

அன்றிரவு மழையில், நகரில் கைதிகள் வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொல்லப்படுவதை ஷான் மறைந்து நின்று பார்க்கிறான். இராணுவ வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து தோழர்களை அடையாளம் காட்டுபவர் மருத்துவர் வில்லேகா. சித்திரவதையின் தடயங்கள் அவர் முகத்தில் உள்ளன.

ஹுவானைச் சுடும் வேளையில் ஷான் அவனைக் காப்பாற்றுகிறான். இருவரும் இரயில் ஒன்றில் ஒளிகின்றனர். அதே இரயிலில் தப்பியோடும் ஆளுநர், உயிருக்கு ஈடாக நகைகளைத் தர முன்வருகிறார். எப்போதும் பணத்தையே எண்ணிய ஹுவான் அவரைச் சுட்டுக் கொல்கிறான். ரேசாவின் படை பெரிய அளவில் இரயிலில் வருவதாகச் செய்தி கிடைக்கிறது. வெடிமருந்து நிரப்பிய இரயில் எஞ்சினை அதன்மீது மோதவிடலாம் என்கிறான் ஷான். உடன் வர ஒருவர் தேவை. எல்லோரும் ஹுவானை எதிர்பார்க்க, ஷான் வில்லேகாவைத் தேர்ந்தெடுக்கிறான்.

மோதலில் வில்லேகா இறக்கிறார். தொடரும் சண்டையில் ரேசா ஷானைச் சுட, ஹுவான் ரேசாவைக் கொல்கிறான். படுகாயமுற்ற ஷான், உதவி தேடி ஹுவான் நகர்ந்ததும், வெடிமருந்தை வெடிக்கச் செய்து மறைகிறான். தனித்து நிற்கும் ஹுவானின் முகத்தில் படம் முடிகிறது.

அயர்லாந்து நினைவுகள்

ஷானின் கடந்த காலம் மெதுவியக்கத்தில், உரையாடல் ஏதுமின்றி, இசையை மட்டும் கொண்டு காட்டப்படுகிறது. முதலில் வருவது இன்பம்: ஷான், அவனுடைய நண்பன், இருவரும் விரும்பும் ஒரு பெண் ஆகிய மூவரும் காரில் செல்கின்றனர். அடுத்தடுத்த நினைவுகளில் கதை இருளடைகிறது. பிரித்தானியப் படையினரால் அடித்து நொறுக்கப்பட்ட நண்பன் மதுக்கடை ஒன்றுக்குள் கொண்டுவரப்பட்டு, அங்கிருக்கும் தோழர்களை ஒவ்வொருவராக அடையாளம் காட்டுகிறான். ஷானின் முறை வரும்போது, அவன் படையினர் இருவரையும் சுடுகிறான். பின்னர் நண்பனையும் சுடுகிறான்.

இந்நினைவுகளின் கடைசிப் பகுதி, மழையில் வில்லேகா காட்டிக்கொடுக்கும் காட்சியோடு மாறி மாறி வருகிறது. படத்தொகுப்பாளர் நினோ பராக்லி இரண்டு துரோகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார். அடிபட்ட முகம், ஒரு தலையசைப்பு, ஒருவனின் சாவு. எந்த விளக்கமும் தராமலேயே, ஷானுக்கு அதே கணம் மீண்டும் வந்துள்ளது என்பது பார்வையாளருக்குப் புரிந்துவிடுகிறது.

கழுவாய்

படத்தின் மையம் எஞ்சின் காட்சியே. தான் அனைத்தையும் பார்த்ததாக ஷான் வில்லேகாவிடம் தெரிவிக்கிறான். வில்லேகா தம்மைக் காத்துக்கொள்ள முயல்கிறார். சித்திரவதைக்கு ஆளாகாதவர்கள் தீர்ப்பளிப்பது எளிது. தம் கொள்கை மாறவில்லை. தாம் இன்னும் பயன்படக்கூடியவர் என்கிறார். இவ்வாதங்கள் எதுவும் பொய்யானவை அல்ல, இதுதான் காட்சியின் வலிமை. ஷான் மறுத்துப் பேசுவதில்லை. தீர்ப்பளிக்கும் வேலையைத் தான் வாழ்வில் ஒருமுறை செய்துவிட்டதாகவும், இனிச் செய்யப்போவதில்லை என்றும் கூறுகிறான். மோதலுக்கு முன் குதித்துவிடும்படி வில்லேகாவிடம் சொல்கிறான். ஷான் குதிக்கிறான், வில்லேகா எஞ்சினிலேயே நின்றுவிடுகிறார்.

வில்லேகா துணிந்து நிற்கிறாரா, அல்லது குதிக்க இயலாமல் உறைந்துவிடுகிறாரா என்பதை லியோனி தெளிவாக்கவில்லை. வல்லியின் முகத்தில் அச்சமும் இருக்கிறது, ஒருவகை விடுதலையும் இருக்கிறது. ஆகவே இதனைக் கழுவாய் என்று அழைப்பதா, தண்டனை என்று அழைப்பதா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. ஒன்று மட்டும் உறுதி. புரட்சியாளர்கள் அவரைத் தியாகியாகவே நினைவுகூர்வர். உண்மையை அறிந்த ஷானும் சற்று நேரத்தில் இறந்துவிடுகிறான்.

ஷானைப் பொறுத்தவரை, அவன் மீட்க நினைப்பது வில்லேகாவை மட்டுமன்று. நண்பனுக்குக் கொடுக்காத வாய்ப்பை இன்னொருவருக்குக் கொடுக்கிறான். அதனால் நண்பன் உயிர்பெறப் போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். அமெரிக்க வெஸ்டர்ன் படங்களில் கழுவாய் என்பது துப்பாக்கியை எடுப்பதில் நிறைவேறும். இங்கே துப்பாக்கியை எடுக்காமல் இருப்பதே கழுவாய்.

ஹுவானின் கணக்கு வேறு. கொள்ளையனாகத் தொடங்கி வீரனாக முடியும் அவனுடைய பாதை, வெளிப்பார்வைக்கு வழக்கமான சப்பாட்டா வெஸ்டர்ன் கதையே. ஆனால் அவன் விரும்பிப் புரட்சியில் சேரவில்லை. ஒவ்வொரு படியிலும் ஷானால் இழுக்கப்படுகிறான், அதற்கு விலையாகக் குடும்பம் முழுவதையும் இழக்கிறான். படத்தின் நடுவே, புத்தகம் படித்தவர்கள் படிக்காதவர்களிடம் வந்து மாற்றம் வேண்டும் என்று சொல்ல, இறுதியில் படித்தவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து உண்கிறார்கள், ஏழைகள் செத்துப்போகிறார்கள் என்று ஹுவான் சீறுகிறான். அதைக் கேட்ட ஷான் தான் படித்துக்கொண்டிருந்த பக்கூனினின் நூலைச் சேற்றில் எறிகிறான்.

இங்கு ஒரு குறையைச் சுட்ட வேண்டும். படத்தின் தொடக்கத்தில், செல்வர்கள் பயணம் செய்யும் ஆடம்பரக் குதிரை வண்டியை ஹுவானின் கூட்டம் கொள்ளையிடுகிறது. அப்போது வண்டியிலிருந்த பெண்ணை ஹுவான் வன்புணர்வு செய்கிறான். ஏழைகளை இழிவாகப் பேசிய வகுப்பினருக்குக் கிடைத்த பதிலடி போல, ஏறத்தாழ வேடிக்கையாக, இது காட்டப்படுகிறது. கழுவாயைப் பற்றிய இப்படம் இக்குற்றத்தை மீண்டும் நினைவுகூர்வதே இல்லை. லியோனியின் படங்களில் பெண்கள் நடத்தப்படும் விதம் பற்றிய விமரிசனங்களுக்கு இக்காட்சி வலுச் சேர்க்கிறது.

வரலாற்றுச் சாயல்கள்

கதை மெக்சிகோவில் நிகழ்ந்தாலும், படம் இத்தாலியின் நினைவுகளால் ஆனது. அகழிகளில் மக்களைக் கூட்டமாக நிறுத்திச் சுடும் காட்சி, 1944 மார்ச் 24 அன்று உரோமை நகருக்கு அருகே ஜெர்மன் படையினர் 335 பேரைக் கொன்ற ஆர்தியாத்தீன் குகைப் படுகொலையை நினைவூட்டுகிறது. கவச வண்டியில் வரும் ரேசாவும் மெக்சிகோ அதிகாரி போலன்றி நாசி அதிகாரி போலவே படைக்கப்பட்டுள்ளார். 1929 இல் உரோமையில் பிறந்த லியோனிக்கு அப்போது 15 வயது. சித்திரவதையில் தோழர்களைக் காட்டிக்கொடுத்தவர்களை என்ன செய்வது என்பதும் ஐரோப்பாவின் பாசிச எதிர்ப்பு இயக்கங்கள் எதிர்கொண்ட கேள்விதான்.

படம் வெளிவந்த காலத்தையும் கருத வேண்டும். 1968 ஆம் ஆண்டின் மாணவர் எழுச்சிக்குப் பின் இத்தாலிய இளைஞர்களிடையே புரட்சி பற்றிய ஆர்வம் மிகுந்திருந்தது. படம் மா சே துங்கின் கூற்று ஒன்றுடன் தொடங்குகிறது. ஆனால் அடுத்து வரும் கதை அக்கூற்றைக் கொண்டாடுவதாக இல்லை.

இசை

மோரிக்கோனியும் லியோனியும் உரோமையில் ஒரே தொடக்கப் பள்ளியில் பயின்றவர்கள். இப்படத்தின் முதன்மை மெட்டில் 'ஷான், ஷான்' என்னும் பெயரை மனிதக் குரல்கள் திரும்பத் திரும்ப அழைக்கின்றன. அதன்மேல் எட்டா தெல்லோர்சோவின் சொற்களற்ற குரல் எழுகிறது. முதலில் கேட்கும்போது விளையாட்டாகத் தோன்றும் அந்த அழைப்பு, கடைசி நினைவுக்குப் பின் இறந்தவர்கள் கூப்பிடுவது போல் ஒலிக்கிறது. ஹுவானின் கூட்டத்திற்குரிய 'பிச்சைக்காரர்களின் அணிவகுப்பு' என்னும் மெட்டில், மோட்சார்ட்டின் புகழ்பெற்ற இரவிசைப் படைப்பின் தொடக்கம் கேலியாக நுழைகிறது.

தயாரிப்பு

லியோனி முதலில் இப்படத்தைத் தயாரிக்க மட்டுமே விரும்பினார். அமெரிக்க இயக்குநர் பீட்டர் போக்டானோவிச் அழைக்கப்பட்டுக் கருத்து வேறுபாட்டால் விலகினார். பின் லியோனியின் உதவி இயக்குநரான ஜியான்கார்லோ சாந்தி பொறுப்பேற்றார். நடிகர்கள் லியோனியே இயக்க வேண்டும் என வற்புறுத்தியதால் அவரே இயக்க நேர்ந்தது. திரைக்கதையை லியோனியுடன் லூச்சியானோ வின்சென்சோனி, செர்ஜியோ தொனாத்தி ஆகியோர் எழுதினர். ஒளிப்பதிவு ஜுசெப்பே ருசோலினி. மெக்சிகோக் காட்சிகள் ஸ்பெயினிலும் அயர்லாந்துக் காட்சிகள் அயர்லாந்திலும் படமாக்கப்பட்டன.

வெளியீடும் வெட்டுகளும்

இத்தாலியில் 1971 அக்டோபரிலும் அமெரிக்காவில் 1972 இலும் வெளியானது. 157 நிமிடங்கள் ஓடிய படம் அமெரிக்காவில் ஏறத்தாழ 121 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டது. மாவோவின் கூற்றும் கடைசி அயர்லாந்து நினைவும் நீக்கப்பட்டவற்றுள் அடங்கும். கருவைக் கருதினால் இது சிறிய வெட்டு அன்று. அக்கடைசி நினைவில் மூன்று நண்பர்களும் ஒரு மரத்தருகே மகிழ்ந்திருக்கின்றனர். அப்பெண் இருவரையும் முத்தமிடுகிறாள். ஷான் சுட்டது ஒரு தோழனை மட்டுமன்று, தன் இன்பத்தின் பாதியையும் என்பது அப்போதுதான் முழுமையாக விளங்குகிறது. அது இல்லாத பிரதியில் ஷானின் முடிவு வெறும் வெடிவிபத்துப் போலாகிவிடுகிறது. 2007 ஆம் ஆண்டில் வெளியான டிவிடியின் மூலம் முழுமையான வடிவம் ஆங்கிலத்தில் பரவலாகக் கிடைத்தது. இப்படத்தைப் புதிதாகக் காண்போர் 157 நிமிடப் பிரதியைத் தேடிக் காண்பது நன்று.

இப்படத்திற்காக லியோனிக்குச் சிறந்த இயக்குநருக்கான இத்தாலியின் தாவீத் தி தொனத்தெல்லோ விருது 1972 இல் வழங்கப்பட்டது.

துணுக்குகள்

ஹுவான் பெயரைக் கேட்கும்போது அயர்லாந்துக்காரன் முதலில் 'ஷான்' என்கிறான், உடனே 'ஜான்' என்று மாற்றிக்கொள்கிறான். ஷான் என்பது உண்மையில் கொல்லப்பட்ட நண்பனின் பெயரோ என்னும் விவாதம் இரசிகர்களிடையே உண்டு.

படம் ஷானை ஐ.ஆர்.ஏ உறுப்பினனாகக் காட்டுகிறது. 1913 இல் அவ்வமைப்பு இருக்கவில்லை. அயர்லாந்தின் ஈஸ்டர் எழுச்சியே 1916 இல்தான் நடந்தது. பாலக் காட்சியில் வரும் இயந்திரத் துப்பாக்கியும் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய வகையைச் சேர்ந்தது.

லியோனியின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' நாயகன் வேடத்திற்குக் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு முன்பு ஜேம்ஸ் கோபர்ன் அணுகப்பட்டார். அவர் கேட்ட ஊதியம் அதிகமாக இருந்ததால் அவ்வாய்ப்பு கைகூடவில்லை.